வெறும் வயிற்றுக்கு ஓர் ஒயின்

வேலை பார்த்த காலம் முழுவதும் நான் ஒயின் செய்தேன். அதில் ஒரு மடக்குகூட விழுங்கியதில்லை.

சில மாதங்களுக்கு முன் கம்பம் பக்கம் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஓர் ஒயின் ஆலைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். எஃகுத் தொட்டிகளும் குளிரூட்டிய கூடங்களும் இருந்தன. ஓர் இளைஞர் ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் வைத்து, இனிப்பும் புளிப்பும் எவ்வளவு என்று நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் சொல்லிவிட்டார். பிறகு கேட்டார்: "விழுங்காமலே சரியா வந்திருக்குன்னு எப்படி சார் முடிவு பண்ணுனீங்க?" நான் முடிவு பண்ணவில்லை, வேறொருவரின் வயிறு முடிவு பண்ணியது என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதை எழுதித் தரும்படி அந்த இளைஞர் கேட்டார். இது அதற்காக எழுதியது.

எனக்கு ஆமத்தூர். இரசாயனம் எடுத்து இண்டர்மீடியட் படித்தேன். வேலை கிடைக்காத நாட்களில் விருதுநகர்ச் சந்தை நிலவரத்தை மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பி வந்தேன். மிளகாய் வரத்து, உளுந்து விலை, நல்லெண்ணெய் விலை இவைதான். 'சந்தை சூடுபிடித்தது' என்று ஒரு நாள் எழுதியதை ஆசிரியர் அடித்துத் திருப்பி அனுப்பினார். எந்தச் சரக்கு, என்ன விலை, யார் வாங்கினார், அதை மட்டும் எழுது என்று ஓரத்தில் குறித்திருந்தார். பிறகு நான் கற்ற எந்தத் தொழிலுக்கும் அந்த ஓரக் குறிப்பு போதுமானதாக இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைச்சரிவில் இருந்த மிஷன் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேவை என்று எங்கள் பங்குச் சாமியார் என்னை அனுப்பிவைத்தார். சுற்று வட்டாரத்துக் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பூசை இரசம், அதாவது பூசையில் பயன்படும் ஒயின், அங்கிருந்துதான் போனது. மதுவிலக்குக் காலம். வழிபாட்டுக்கு மட்டும் என்று பெர்மிட் இருந்தது. பீப்பாய் அறைக்கு இன்ஸ்பெக்டர் வந்து முத்திரை வைப்பார், முத்திரை உடைப்பார். ருசி பார்க்கலாம், விழுங்கக்கூடாது. துப்புவதற்குச் சாம்பல் போட்ட மரத்தொட்டி ஒன்று வாசலில் இருக்கும். கோயிலிலும் அந்த நாட்களில் இரசத்தைச் சாமியார் மட்டுமே அருந்துவார். ஆகவே அதைச் செய்தவர்கள் யாரும் எங்கேயும் அதைக் குடித்ததில்லை.

தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரதர் மத்தியாஸ். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் தலைமுறையாக ஒயின் செய்த வீட்டுப் பிள்ளை. துறவியாகி இங்கே வந்து, எங்கள் தமிழைப் பழம் பறிக்கும் பெண்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் எங்கள் பிஷப்பான மேற்றிராணியார் தோட்டத்தைப் பார்வையிட வந்தபோது, "வாங்க, சாப்பிட்டீகளா? ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டீக?" என்று வரவேற்றார். கூட வந்த செயலாளருக்கு முகம் வெளிறியது. மேற்றிராணியார் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிரதர் எதையும் இருமுறை சொல்லமாட்டார். பீப்பாய் அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று மூச்சை வெளியே விட்டுவிட்டு, உள்ளே போய் இழுப்பார். எனக்குச் சளி பிடித்திருந்தால் அறைக்குள் விடமாட்டார். "மூக்கு அடைச்சவன் கண்ணு தெரியாதவன்லே. வெளிய போயிக் கூடை களுவு" என்பார்.

பூசை இரசத்துக்கு அவர் வைத்திருந்த விதிகள் கடுமையானவை. வெள்ளை ஒயினாக இருக்கவேண்டும், சிவப்பு ஒயின் என்றால் பீடத்துணியில் கறை படியும். சர்க்கரை, தண்ணீர், சுண்ணாம்பு எதுவும் சேர்க்கக்கூடாது, திராட்சை தவிர எது சேர்ந்தாலும் பூசைக்கு ஆகாது. இனிப்பு துளியும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் சமவெளி வெக்கையில் மறுபடி நொதித்துப் பொங்கி, புட்டி மூடியைத் தள்ளிவிடும். கடைசியாக, புளிப்பு அளவாக இருக்கவேண்டும். சாமியார்கள் பூசைக்கு முன் எதுவும் சாப்பிடுவதில்லை. பிறகு அந்த உபவாச விதி தளர்ந்தது, ஆனால் வயதான சாமியார்கள் தளரவில்லை. நாங்கள் செய்தது விடிகாலையில் வெறும் வயிற்றில் இறங்கும் ஒயின்.

எதையும் சேர்க்க முடியாது என்றால் கையில் மிஞ்சும் ஒரே கருவி, பறிக்கும் நாள். கொடியில் பழம் இருக்க இருக்க இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கும். முந்திப் பறித்தால் வயிறு எரியும். பிந்திப் பறித்தால் இனிப்பு முழுதும் பொங்கித் தீராமல் நின்றுவிடும், இல்லையென்றால் கோடை மழையில் பழம் வெடித்து அழுகும். இடையில் இருக்கும் நாட்கள் மிகக் குறைவு.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மேகத்துக்குப் பயந்து முந்திப் பறித்தோம். மழை வரவில்லை. ஒயின் புளித்தது. அனுப்பாமல் இருக்கவும் முடியாது, வேறு ஒயின் இல்லை.

என் அக்கா அருள்மேரி விருதுநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தோட்டத்து வேலையாட்களுக்கு மருந்து கொடுக்க மாதாமாதம் மலையேறி வருவாள். அந்த முறை பையைக்கூட இறக்கவில்லை.

"ஏலே சூசை, இங்கன நீ என்ன செய்யிற? சாமி குடிக்க ரசமா, தரை களுவத் திராவகமா?"

மழை வந்துவிடும் என்று பயந்து பறித்தோம் என்றேன்.

"வயித்துப் புண்ணுக்கிட்டப் போயி மழைக் கதை சொல்லு, கேக்குமான்னு பாப்போம்."

அவள் சொன்ன வயிறு ஞானப்பிரகாசம் சாமியாருடையது. ஆமத்தூருக்கு அப்பால் ஒரு பங்கில் நெடுங்காலமாக இருந்தவர். எங்கள் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர். குடற்புண் அவருக்கு. அந்த வருடம் ஒருமுறை இரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒயினை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். நிறுத்தினால் பூசை இல்லை. இன்னொரு முறை இரத்தம் வந்தால் தூரத்து ஓய்வு இல்லத்துக்கு அனுப்புவது என்று மேற்றிராணியார் இல்லத்தில் முடிவாகியிருந்தது. சாமியார் அக்காவிடம், பூசை வைக்காத சாமியார் துணிக்கொடியில் காயும் அங்கிதான் என்று சொன்னாராம்.

அந்த ஞாயிறு அவருடைய பங்குக்குப் போய்ப் பூசை பார்த்தேன். பூசை அப்போது இலத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து, நமக்கு முதுகு காட்டி நிற்பார். முகம் தெரியாது. அதனால் கையைப் பார்த்தேன். வலது கையால் பாத்திரத்தை உயர்த்திக் குடிக்கும்போது இடது கை பீடத்தின் விளிம்பைப் பிடித்தது. விரல் கணுக்கள் வெளுத்தன. குடித்த பிறகு பாத்திரத்தை அலச, பூசைக்கு உதவும் உபதேசியார் அதில் மறுபடி கொஞ்சம் ஒயின் ஊற்றவேண்டும். சாமியார் அதையும் குடிக்கவேண்டும். உபதேசியார் குடுவையைச் சாய்த்த உடனே, சில சொட்டு விழுவதற்குள், சாமியார் பாத்திரத்தைச் சட்டென்று மேலே தூக்கி, போதும் என்று நிறுத்தினார். உபதேசியாரும் அதற்குப் பழகியிருந்தார்.

பூசை முடிந்து அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார். "சிலுவையில ஆண்டவருக்குக் காடி குடுத்தாங்க. நீ எனக்கு அதைவிடக் கொஞ்சம் நல்லதாத்தான் குடுக்க, சூசை" என்றார்.

மலைக்குத் திரும்பி, பார்த்ததைப் பார்த்தபடி பிரதரிடம் சொன்னேன். ஓர் ஆளுக்காகத் தனி ஒயினா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "அவருக்கு வருசத்துக்கு எம்புட்டு வேணும்?" என்பதுதான். ஒரு சின்னப் பீப்பாய் போதும் என்று கணக்காயிற்று.

தோட்டத்தின் மேல் தட்டில் ரீஸ்லிங் என்ற கொடி சில வரிசைகள் இருந்தது. தன் அப்பாவின் தோட்டத்திலிருந்து ஈரப்பாசியில் சுற்றிக் கப்பலில் பிரதர் கொண்டுவந்த குச்சிகளில் பிழைத்தவை அவை. கீழ்த் தட்டுகளில் நம் பச்சைத் திராட்சை. பச்சைத் திராட்சை பழுத்த பின் தாங்காது, தோல் வெடிக்கும். ரீஸ்லிங் சின்னப் பழம், புளிப்பு அதிகம், ஆனால் மலைக்குளிரில் நிதானமாகப் பழுக்கும். "இது மட்டுந்தான் காத்துக்கிடக்கும்" என்றார் பிரதர். அடுத்த பருவத்தில் அதைக் கடைசிவரை கொடியில் விட்டு, தனியாகப் பிழிவது என்று முடிவு செய்தோம்.

காத்திருப்பதில் ஒரு சிக்கல், சாம்பல் நோய். மாலைப் பனி இறங்கும் தட்டில் பழத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். அதற்குக் கந்தகத் தூள் தூவவேண்டும். கந்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வாங்கினேன். அங்கிருந்த மேஸ்திரி, "சாமிக்கு ஒயினா, சரவெடியா? தெளிவாச் சொல்லுங்க, அதுக்குத் தக்கன சலிச்சுத் தாரேன்" என்றார். மல்துணியில் சலித்துத் தந்தார். முகப்பவுடர் போல இருந்தது. பிரதர் விரலிடையில் தேய்த்துப் பார்த்து, தன் ஊரில்கூட இப்படிக் கிடைத்ததில்லை என்றார்.

பழம் மெத்தென்று ஆனதும் தூவுவதை நிறுத்தினோம். அது அவர் ஊர்க் கணக்கு. பறிப்பதற்குள் தூள் போய்விடும் என்பது அந்தக் கணக்கின் பின்பாதி.

பிறகு தினமும் காலையில் பழச்சாற்றைச் சோதிப்பேன். கண்ணாடிக் குடுவையில் சாற்றை எடுத்து, புளிப்பை முறிக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். இளஞ்சிவப்பு நிறம் வந்து நிற்கும்வரை எத்தனை சொட்டு போகிறதோ அத்தனை புளிப்பு. பிரதர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். வரிசையில் நடந்து, பழத்தைக் கடித்து, விதையைத் தனியாக மென்று பார்ப்பார். விதை பச்சையாகக் கசந்தால் துப்பிவிட்டு நடப்பார். என் சொட்டும் அவர் விதையும் ஒத்துப்போகிற நாளுக்குக் காத்திருந்தோம்.

மேற்கு முகட்டில் தினமும் மதியம் மேகம் கட்டியது. பறிக்கும் பெண்களுக்குத் தலைவி காளியம்மாள். மழைக்காக வேண்டிக்கொள்ளாதீர்கள் என்று பிரதர் அவளிடம் கேட்டுக்கொண்டார்.

"கீள மானம் பாத்த பூமி பிரதர். மாரியம்மனுக்கு மழை கேட்டுப் பொங்க வச்சிட்டு இப்பத்தான் மலையேறுனோம். அதுக்குள்ள வேண்டாம்னு எப்படிக் கேக்க?"

"கீள பேயட்டும். இந்த மேல்தட்டுக்கு மட்டும் வேண்டாம்னு கேளுங்க."

"சாமியென்ன வாய்க்கா மடையா, அங்கன திறந்து இங்கன அடைக்க?" என்றாள். ஆனாலும் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. இரவெல்லாம் இடி கேட்கும், காலையில் தரை காய்ந்து கிடக்கும். ஒரு துளி விழவில்லை. ஒரு காலை பிரதர் விதையை மென்றார், துப்பவில்லை. என் குடுவையைத் திரும்பிப் பார்த்தார். அன்றே பறித்தோம்.

பாறையைக் குடைந்த அறையில் பீப்பாய்க்கு ஈரச்சாக்கு சுற்றி நொதிக்க விட்டோம். முதல் சில நாட்கள் நல்ல வாசம், பழமும் பூவும் கலந்தாற்போல. பிறகு ஒரு காலை நான் முதலில் உள்ளே போனேன். அழுகிய முட்டை நாற்றம். பீப்பாயின் வாயில் குனிந்தேன், அங்கிருந்துதான் வந்தது. வெளியே வந்து, பிரதருக்குச் சொல்லாமல் வாசலில் நின்றேன். அவர் வந்து வழக்கம்போல மூச்சை விட்டுவிட்டு உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

வந்ததும் சொன்னார். கந்தகம் பழத்தோலிலேயே இருந்திருக்கிறது. நொதிக்கும்போது அதுதான் இந்த நாற்றமாக மாறுகிறது. அவர் ஊரில் தூவி முடித்ததற்கும் பறிப்பதற்கும் நடுவில் பலமுறை மழை பெய்து பழத்தைக் கழுவும். தூளும் பரும்படி, தோலில் ஒட்டி நிற்காது. இங்கே முகப்பவுடர் போன்ற கந்தகம், ஒரு துளி மழை இல்லை. மழை வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டு வாங்கியது இது.

உறுதிப்படுத்த அவரிடம் ஒரு வழி இருந்தது. செம்புக் காசு கேட்டார். காளியம்மாளின் சுருக்குப்பையில் ஓட்டைக் காலணா ஒன்று கிடந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தாள். இரண்டு கிளாசில் ஒயின் எடுத்து, ஒன்றில் காசைப் போட்டுச் சுழற்றி முகர்ந்தார். காசு கிடந்த கிளாசில் நாற்றம் இல்லை. அடியில் பழத்தின் பூவாசம் அப்படியே இருந்தது. ஒயின் கெடவில்லை, நாற்றத்தின் கீழே நன்றாகவே இருக்கிறது. அது தெரிந்தபோது எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. அதுவரை இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பிரதர் சமையல்கட்டிலிருந்து செம்பு அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். பீப்பாயை ஒருமுறை அண்டாவில் ஊற்றி எடுத்தால் செம்பு நாற்றத்தை வாங்கிக்கொள்ளும். எதையும் சேர்த்ததாகவும் ஆகாது. அவர் அப்பா அப்படித்தான் செய்வாராம். அண்டா வந்தது. அன்று மருந்து கொடுக்க வந்திருந்த அக்கா அதன் உட்புறத்தைப் பார்த்தாள். ஈயம் பூசவில்லை.

"பிரதர், இந்த அண்டாவுல புளிக்கொளம்பு வச்சா நீங்க சாப்பிடுவீகளா?"

"கொளம்பு கொதிக்கும், கிடக்கும். இது ஊத்துன உடனே எடுத்திருவம்."

அக்கா கிளாசிலிருந்த காலணாவை எடுத்து நீட்டினாள். "காளியம்மா புளி போட்டுத் தேய்ச்சதும் இது பளிச்சுன்னு ஆச்சுல்ல? மேல இருந்த செம்புக் களிம்பு எங்கன போச்சு? புளிக்குள்ள போச்சு. உங்க ஊரு வயிறு தாங்கும், நான் இல்லங்கல. இது தினமும் காலையில புண்ணு மேல ஊத்துறது."

இருவர் சொன்னதும் சரி. அவர் பீப்பாயைப் பார்த்தார், இவள் வயிற்றைப் பார்த்தாள். பிரதர் காசை வாங்கித் துடைத்தார். அண்டாவை எடுத்துப்போகச் சொன்னார்.

மிஞ்சியது காற்று ஒன்றுதான். ஒயினை உயரத்திலிருந்து கழுவிய வேறொரு மரத்தொட்டியில் விழவிட்டு, நன்றாகச் சிதறச் செய்து, மறுபடி பீப்பாயில் ஏற்றினால் நாற்றம் காற்றோடு போகும். ஆனால் காற்றுப் பட்ட ஒயின் எங்கள் வெக்கையில் வினிகராகும், அதாவது காடியாகும். நாற்றம் போவதற்கும் காடி தொடங்குவதற்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதை எந்தக் குடுவையும் சொல்லாது. சாமியாருக்குக் காடி என்று இன்னொரு முறை என்னால் கொண்டுபோக முடியாது.

அக்காவும் இரவு தங்கிவிட்டாள், மறுநாள் விடியலின் குளிரில் தொடங்கினோம். ஒவ்வொரு முறை ஊற்றிய பின்னும் இரண்டு கிளாஸ், ஒன்றில் காசு, ஒன்றில் காசில்லை. பிரதர் சுவரைப் பார்த்து நிற்பார். நான் காசை எடுத்துவிட்டு, கிளாசுகளை இடம் மாற்றி அவர் கையில் கொடுப்பேன். எது காசு கிடந்த கிளாஸ் என்று அவர் சொல்லவேண்டும். சரியாகச் சொல்கிறவரை நாற்றம் மிச்சமிருக்கிறது. முதல் முறை கிளாஸ் மூக்குக்கு வருமுன் சொன்னார். அடுத்த முறை முகர்ந்து சொன்னார். அதற்கடுத்த முறை தயங்கினார், சரியாகச் சொன்னார். வெயில் வாசலில் ஏறியது. தொட்டியைச் சுற்றிப் பழ ஈக்கள் வந்துவிட்டன, அவைதான் காடியைச் சுமந்து வருபவை. நான் போதும் என்றேன். அவர் இன்னொன்று என்றார். ஊற்றினோம். கிளாசுகளை மாற்றிக் கொடுத்தேன். நெடுநேரம் முகர்ந்துவிட்டுத் தவறான கிளாசை நீட்டினார்.

அக்காவைக் கூப்பிட்டார். அவள் இரண்டையும் முகர்ந்து, "எதுல எது கிடந்துச்சு? எனக்குத் தெரியல" என்றாள். பீப்பாயை அன்றே மூடினோம்.

மழைக்காலம் முடியும்வரை அது தெளியக் கிடந்தது. ஒரு புட்டியை மட்டும் பிரதர் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இனிப்பு மிஞ்சியிருந்தால் அந்தச் சூட்டில் மூடி எழும்பும். நான் காலையில் எழுந்ததும் அந்த மூடியைத்தான் போய்த் தொட்டுப் பார்ப்பேன். அது எழும்பவில்லை. பீப்பாயிலிருந்து வாயில் எடுத்து, சுழற்றி, துப்பினேன். புளிப்பு நாக்கின் ஓரத்தில் நின்றது, தொண்டைக்கு வரவில்லை. காடி இருந்ததா? இல்லை என்று தோன்றியது. ஆனால் என் நாக்குக்கு அது தெரியாமலும் இருக்கலாம். விழுங்காதவனுக்குத் தொண்டைக்குக் கீழே நடப்பது தெரியாது.

முத்திரை உடைத்ததும் புட்டிகளை வைக்கோலில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து எடுத்துப்போனேன். மறுநாள் ஞாயிறு. கோயிலில் ஆண்கள் பக்கம், தூணுக்கு முன்னால், பீடத்தின் இடது பக்கம் தெரிகிற இடமாக முழந்தாளிட்டேன். அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்தாள். அவளும் நான் பார்த்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் பாத்திரத்தை உயர்த்தினார். இடது கை பீடத்துணியின் மேல் விரித்தபடி இருந்தது. குடித்தார். கை விளிம்புக்குப் போகவில்லை. விரல் ஒன்று லேசாக அசைந்தது, அவ்வளவுதான். அது எதையும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாத்திரத்தை அலசும் நேரம் வந்தது. உபதேசியார் குடுவையைச் சாய்த்தார். சில சொட்டு விழுந்ததும் பழக்கப்படி அவரே குடுவையை நிமிர்த்திவிட்டார். சாமியாரின் கை மேலே எழும்பவில்லை. பாத்திரத்தைத் தாழ்த்தியபடி அசையாமல் நின்றார். உபதேசியார் அவர் முகத்தைப் பார்த்தார். சாமியார் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினார்.

உபதேசியார் மறுபடி ஊற்றினார்.